இருபத்துநான்கு வயதில் பிரதமர்: இளைய பிட் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மட்டக்களப்புக் கோட்டையைப் பற்றி எழுதியபோது "1795இல் இலண்டனில் இருந்த பிட் அரசாங்கம்" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்து இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அன்றைய பிரித்தானியப் பிரதமர் இளைய வில்லியம் பிட்டுக்கே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: வில்லியம் பிட் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். விடை எழுதும்போது எந்தச் சம்பவம் யாருடையது என்று குழம்பிவிடுகிறது. எப்படிப் பிரித்து அறிவது? (உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி)

இருவரும் தகப்பனும் மகனும். தகப்பன் 1708இல் பிறந்து 1778இல் இறந்தவர், சாத்தம் (Chatham) பிரபு என்று பட்டம் பெற்றவர். பிரான்சை எதிர்த்து ஏழாண்டுப் போரை நடத்தியவர் அவர்தான். 1766 முதல் 1768 வரை அரசாங்கத் தலைவராகவும் இருந்தார். மகன் அவருடைய இரண்டாவது ஆண்பிள்ளை, 1759 மே 28இல் கென்ற் மாவட்டத்தின் ஹேய்ஸ் என்ற ஊரில் பிறந்தார். மகன் பிரதமராக இருந்தது இரண்டு தடவை: 1783 டிசம்பர் 19 முதல் 1801 மார்ச் வரை, பிறகு 1804 மே முதல் 1806 ஜனவரி 23இல் இறக்கும் வரை. கூட்டினால் ஏறக்குறைய 19 வருடம்.

ஆகவே ஆண்டைப் பாருங்கள். 1778க்குப் பிறகு நடந்தது எதுவும் தகப்பனுடையதாக இருக்க முடியாது. பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன், அயர்லாந்து இணைப்பு, இலங்கை எல்லாம் மகன் காலம். மாணவர் அடிக்கடி தவறுவது இந்தியச் சட்டங்களில்தான். 1773இன் ஒழுங்குபடுத்தும் சட்டம் நோர்த் பிரபுவின் அரசாங்கம் கொண்டுவந்தது. 1784இன் சட்டமே பிட்டின் இந்தியச் சட்டம். நோர்த் பிரபுவின் பெயரை நினைவில் வையுங்கள், இந்தப் பக்கத்திலேயே அது இன்னொரு தடவை வரும்.

கேள்வி: 24 வயதில் ஒருவர் பிரதமராவது அரசன் செல்லமாகக் கொடுத்த பதவியா, திறமையா? (வாழைச்சேனை வாசகர்)

இரண்டும் உண்டு. எது எங்கே வேலை செய்தது என்று பிரித்துச் சொல்கிறோம்.

14 வயதில் கேம்பிரிட்ஜின் பெம்புறோக் கல்லூரிக்குப் போனார். 1776இல் பட்டம் பெற்றார். பிரபுக்களின் பிள்ளைகளுக்கு இருந்த சலுகையால் பரீட்சை எழுத வேண்டியிருக்கவில்லை. ஆனால் கணிதத்தையும் கிரேக்க, இலத்தீன் நூல்களையும் உண்மையாகவே படித்தவர். 1780இல் வழக்கறிஞரானார். அதே வருடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். 1781 ஜனவரியில் அப்பிள்பி என்ற சிறு தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். அந்தத் தொகுதி சேர் ஜேம்ஸ் லவுதர் என்ற பெரும் நிலக்காரரின் கைக்குள் இருந்தது. வாக்குரிமை கொண்ட காணிகள் அவர் பிடியில் இருந்ததால் அவர் சொன்ன ஆள்தான் உறுப்பினர். போட்டியே இல்லை. இவ்வளவும் பிறப்பு கொடுத்தது.

1782இல் 23 வயதில் நிதியமைச்சரானது பேச்சாலும் கணக்காலும். 1783 ஏப்ரலில் சார்ள்ஸ் ஃபொக்ஸும் நோர்த் பிரபுவும் கூட்டுச் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த இந்திய மசோதா, கிழக்கிந்தியக் கம்பனியை ஏழு ஆணையாளரிடம் ஒப்படைப்பதாக இருந்தது. கம்பனி வேலைகளுக்கு ஆள் போடும் அதிகாரமும் அவர்களிடமே போகும். இந்தியாவில் ஒரு பதவி என்றால் ஒரு குடும்பம் தலைநிமிரும் காலம் அது. ஆகவே பகை பெருகியது. இந்த மசோதாவுக்கு வாக்களிப்பவர் என் எதிரி என்று மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் டெம்பிள் பிரபு மூலம் பிரபுக்கள் சபைக்குச் செய்தி அனுப்பினார். டிசம்பர் 17இல் மசோதா தோற்றது. இரண்டு நாளில் பிட் பிரதமர். இது மன்னர் கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் பிட்டின் சொந்தக் கெட்டித்தனம் தெரிகிறது. மக்கள் சபையில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. வாக்கெடுப்புக்கு மேல் வாக்கெடுப்பாகத் தோற்றார், ஆனால் பதவி விலகவில்லை, உடனே சபையைக் கலைக்கவும் இல்லை. வருடம் 3,000 பவுண் வருமானம் வரும், வேலையே இல்லாத ஒரு பதவி அப்போது வெற்றிடமானது. அதைத் தனக்கு எடுக்காமல் கேணல் பறே என்பவருக்குக் கொடுத்து, அவருக்கு அரசாங்கம் கட்டிவந்த ஓய்வூதியத்தை நிறுத்தினார். பொதுப்பணம் மிச்சம், நேர்மையானவர் என்ற பெயரும் வந்தது. எதிர்த்தரப்பின் வாக்குகள் கிழமைக்குக் கிழமை கரைந்து, 1784 மார்ச் 8இல் 191க்கு 190 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்துக்கு இறங்கின. அப்போதுதான் சபையைக் கலைக்கத் தயாரானார். கலைப்பதற்கு முதல் நாள் அரச முத்திரையைப் பிரபுக்கள் சபைத் தலைவரின் வீட்டிலிருந்து யாரோ களவெடுத்துவிட்டார்கள். முத்திரை இல்லாமல் கட்டளை செல்லாது. புதிதாக ஒன்றை உடனே செய்வித்து மார்ச் 25இல் கலைத்தார்கள். தேர்தலில் ஃபொக்ஸின் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆசனம் இழந்தார்கள். இன்னும் ஒரு மாதம் முந்திக் கலைத்திருந்தால் இந்த வெற்றி கிடைத்திருக்காது என்பது எம் கணிப்பு.

கேள்வி: வரியைக் குறைத்து வருமானத்தைக் கூட்டினார் என்கிறார்கள். அது எப்படி? வருமான வரியை உலகுக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தானா? (பலசரக்கு வியாபாரி, அக்கரைப்பற்று)

பிட்டை அறிய விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அவருடைய பலம் முழுக்கக் கணக்கில்தான் இருந்தது.

தேயிலையை எடுப்போம். 1784இல் பிரித்தானியாவில் தேயிலை மீதான வரிகள் எல்லாம் சேர்ந்து சராசரி 119 வீதம். 100 பவுண் சரக்குக்கு 119 பவுண் வரி. அந்த விலையில் கள்ளக்கடத்தல்காரன் படகு, ஆள், பிடிபடும் நட்டம் எல்லாவற்றையும் போட்டாலும் கடையை விட மலிவாகக் கொடுத்து இலாபம் எடுப்பான். மக்கள் குடித்த தேயிலையில் பெரும் பங்கு கடற்கரை வழியாகக் களவாக வந்தது. பிட் ரிச்சர்ட் ட்வைனிங் போன்ற தேயிலை வியாபாரிகளை அழைத்துக் கடத்தல்காரனின் செலவு என்ன, விலை என்ன என்று விசாரித்தார். பிறகு வரியை 119இலிருந்து 12½ வீதத்துக்கு ஒரே வெட்டாக இறக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருந்தால் கடத்தல்காரனும் தன் விலையை இறக்கிக்கொண்டு தாக்குப்பிடித்திருப்பான். 12½ வீதத்தில் அவனுக்கு மிஞ்ச ஒன்றுமில்லை. சட்டப்படி விற்ற தேயிலையின் நிறை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

ஆனால் வரியைக் குறைத்தது மட்டும் வருமானத்தைக் கூட்டிவிட்டது என்று எழுதுவது பிழை. அந்த வீதத்தில் இரண்டு மடங்கு விற்றாலும் பழைய தொகை வராது. பள்ளத்தை நிரப்ப வீட்டு யன்னல் வரியைக் கூட்டினார். யன்னலை எண்ணுவது வெளியில் நின்றே செய்யக்கூடிய வேலை, ஒளிக்க முடியாது. அதிலும் மக்கள் வழி கண்டார்கள், யன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். (இந்தத் தேயிலை எல்லாம் சீனத்துச் சரக்கு. நம் மலைநாட்டில் லூல்கந்துறையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867இல்தான்.)

அடுத்து வருமான வரி. 1793 பெப்ரவரியில் தொடங்கிய பிரெஞ்சுப் போர் ஐந்து வருடத்தில் கஜானாவை உறிஞ்சிவிட்டது. 1799இல் அமுலுக்கு வந்த சட்டப்படி, வருட வருமானம் 60 பவுணுக்குக் குறைவென்றால் வரி இல்லை. 60 பவுணில் 120இல் ஒரு பங்கு, அதாவது 10 ஷில்லிங். அங்கிருந்து படிப்படியாக ஏறி, 200 பவுணிலும் அதற்கு மேலும் பத்தில் ஒரு பங்கு. 200 பவுண்காரர் 20 பவுண் கட்ட வேண்டும். பிள்ளைகள் உள்ளவருக்குக் கழிவும் இருந்தது.

பிட் எதிர்பார்த்தது 10 மில்லியன் பவுண். வந்தது 6 மில்லியன் சொச்சம். காரணம் சேகரித்த முறை. மொத்த வருமானம் எவ்வளவு என்று வரி கட்டுபவரே ஒரு கூற்று எழுதிக் கொடுத்தார். சரிபார்க்க இருந்தவர்கள் அந்தந்த ஊரின் கனவான்கள், அயலவரின் கணக்கைத் தோண்ட அவர்களுக்கு மனமில்லை. 1803இல் அடிங்டன் என்ற அடுத்த பிரதமர் வருமானத்தை ஐந்து வகையாகப் பிரித்து, பணம் வெளியேறும் இடத்திலேயே வரியைக் கழிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உங்கள் நிலையான வைப்பின் வட்டியில் வங்கியே நிறுத்திவைத்தல் வரியைக் கழிப்பது அதே தத்துவம்தான். அடிங்டன் போட்டது 5 வீதம் மட்டுமே, ஆனால் பிட் 10 வீதத்தில் எடுத்த தொகைக்குக் கிட்ட வந்துவிட்டது. 1804இல் திரும்பி வந்த பிட் அந்த முறையை வைத்துக்கொண்டார். வருமான வரியைத் தொடங்கியவர் பிட், அதை வேலை செய்ய வைத்தவர் அடிங்டன் என்று எழுதினால் சரியாக இருக்கும்.

கேள்வி: அவருடைய "கடன் தீர் நிதியம்" ஏன் தோற்றது? (வங்கி ஊழியர், கல்முனை)

1786இல் தொடங்கியது. வருடம் ஒரு மில்லியன் பவுணை, காலாண்டுக்கு 2,50,000 வீதம், தனியாக ஒதுக்கினார்கள். சபாநாயகர், நிதியமைச்சர், இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் உட்பட ஆணையாளர் சிலர் அந்தப் பணத்தில் அரசாங்கத்தின் கடன் பத்திரங்களைச் சந்தையில் வாங்குவார்கள். வாங்கிய பத்திரத்தை கிழித்துப் போடாமல் அதன் வட்டியையும் நிதியத்துக்கே எடுப்பார்கள். 4 வீதம் என்று வைத்துப் பாருங்கள்: 10 வருடத்தில் 12 மில்லியன், 28 வருடத்தில் ஏறக்குறைய 50 மில்லியன். அப்போதைய நாட்டுக் கடன் 240 மில்லியன் அளவு. பணத்தை அமைச்சர் தொட முடியாதபடி சட்டம் கட்டியது நல்ல வேலை. முன்பிருந்த நிதியத்தை அமைச்சர்கள் அவசரத்துக்கு எடுத்துத் தின்றிருந்தார்கள்.

சமாதான காலத்தில் வருமானம் மிஞ்சியது, திட்டம் ஓடியது. போர் வந்ததும் மிச்சம் போய்ப் பற்றாக்குறை. ஆனாலும் நிதியத்துக்குக் கட்டுவதை நிறுத்தவில்லை. கடன் வாங்கிக் கட்டினார்கள். வட்டிக்கு வாங்கிச் சீட்டுக் கட்டுகிறவர்களை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள், அதேதான். வாங்கிய கடனோ மலிவானதல்ல. 3 வீத வட்டிப் பத்திரத்தின் விலை 1797இல் 50க்கும் கீழே விழுந்தது. 50 பவுண் கையில் வாங்கி, 100 பவுணுக்குக் கடன்காரராகி, வருடம் 3 பவுண் வட்டி கட்டினால் உண்மை வட்டி 6 வீதம். அதற்கு மேல் சமாதானம் வந்து விலை ஏறியதும் அந்த 100ஐத் திருப்பி வாங்க 50 போதாது. பிட்டின் கூட்டல் பிழையல்ல. மிச்சம் இருந்தால்தான் நிதியம் கடனைக் குறைக்கும் என்ற நிபந்தனையை அவர் கைவிட்டதே பிழை.

கேள்வி: மட்டக்களப்புக் கோட்டையைப் பிடிக்கச் சொன்னது பிட்டா? அதற்கு முன் பிரெஞ்சுக்காரர் இங்கே வந்தார்கள் என்கிறார்களே? (ஏறாவூர் வாசகர்)

வந்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து எடுத்தார்கள். ஏப்ரல் 12இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் கிழக்குக் கடலில் அவர்களுடன் மோதிவிட்டு, சேதமான கப்பல்களைத் திருத்தவும் நோயாளிகளை இறக்கவும் மட்டக்களப்புக்கு வெளியே நங்கூரம் போட்டு ஜூன் வரை நின்றார். பெரிய கப்பல் முகத்துவாரத்தால் வாவிக்குள் வராது என்பதால் வெளிக்கடலில்தான் நிற்க வேண்டும். ஓகஸ்ட் முடிவில் அவர் திருகோணமலையைப் பிடித்தார். சமாதானத்தில் அது மீண்டும் ஒல்லாந்தருக்குப் போனது. வாடைக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவில் ஒதுங்கத் திருகோணமலை போல் ஒரு துறைமுகம் இல்லை என்பதை இலண்டன் அந்த வருடம் நன்றாகப் படித்துக்கொண்டது.

1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைய, அதன் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடிவந்து கியூ மாளிகையில் தங்கினார். பெப்ரவரி 7இல் ஒல்லாந்தக் குடியேற்ற நாட்டு ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்: ஆங்கிலப் படையை நண்பராக உள்ளே விடுங்கள், பிரெஞ்சுக்காரர் கையில் விழவேண்டாம். இந்த வேலையை நடத்தியவர் பிட்டின் வலதுகையான போர் அமைச்சர் ஹென்றி டண்டாஸ். பிட் பிரதமராக அதற்குப் பொறுப்பு. கடிதம் பாய்க்கப்பலில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர மாதக்கணக்கு ஆகும், அதனால்தான் பெப்ரவரிக் கடிதத்துக்கு ஓகஸ்டில் சண்டை. சென்னையிலிருந்து கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் படையும் கடற்படைத் தளபதி றெய்னியரின் கப்பல்களும் வந்தன. திருகோணமலைக் கோட்டை ஓகஸ்ட் 26இலும், அங்கேயே இருந்த ஒஸ்டன்பேர்க் கோட்டை 31இலும், மட்டக்களப்பு செப்டெம்பர் 18இலும், யாழ்ப்பாணம் 28இலும் சரணடைந்தன. கொழும்பு 1796 பெப்ரவரியில். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து இலங்கையில் முதலில் பறித்த கோட்டை மட்டக்களப்பின் இந்தப் புளியந்தீவுக் கோட்டை. அது 157 வருடம் கழித்துக் கைமாறியது.

கொழும்பில் ஒல்லாந்தருக்குக் காவல் நின்றது சுவிற்சர்லாந்துக்காரரான டி மியூறோனின் கூலிப்படை. டண்டாஸ், ஹியூ கிளெகோர்ன் என்ற ஸ்கொத்லாந்துப் பேராசிரியரை அனுப்பி அந்தப் படையின் சொந்தக்காரரிடம் பேரம்பேசி, படையையே பிரித்தானியா பக்கம் வாங்கிவிட்டார்.

கேள்வி: பிட்டின் இந்தியச் சட்டத்துக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு? (ஆசிரியர், காரைதீவு)

1784இன் சட்டம் மன்னரின் ஆலோசகர் ஆறு பேர் கொண்ட கட்டுப்பாட்டுச் சபையை உண்டாக்கியது. கம்பனிப் பணிப்பாளர் இந்தியாவுக்கு எழுதும் கடித வரைபு முதலில் அந்தச் சபைக்குப் போகும். சபை திருத்தி 14 நாளுக்குள் திருப்பும். திருத்தியபடிதான் கம்பனி அனுப்ப வேண்டும். போர், சமாதானம் பற்றிய இரகசியக் கட்டளை என்றால் மூன்று பணிப்பாளர் கொண்ட இரகசியக் குழு வழியே போகும். வேலைக்கு ஆள் போடும் உரிமையை மட்டும் கம்பனியிடமே விட்டார். ஃபொக்ஸ் விழுந்த குழியை அப்படித் தாண்டினார். இந்தச் சபையை நடத்தியவரும் டண்டாஸ்தான்.

இலங்கையைப் பிடித்தது கம்பனிப் படை என்பதால் சென்னை நிர்வாகம் வந்தது. தென்னை வரி போட்டார்கள், ஊழியத்துக்கு ஈடாக அனுபவித்த காணிமுறையை ஒழித்தார்கள், வரி எடுக்கச் சென்னைப் பக்கத்து அமில்தார்களைக் கொண்டுவந்தார்கள். 1797இல் கரையோரத்தில் கலகம் வெடித்தது. இந்த ஊரின் காணிமுறை தெரியாதவர்களை வைத்து, இரண்டு வருடத்துக்குள் எல்லாவற்றையும் காசாக்கப் பார்த்ததன் விளைவு அது. 1798 ஒக்டோபரில் மன்னரின் ஆளுநர் வந்தார், கம்பனியும் கூட இருந்தது. இரட்டை ஆட்சி என்று படிப்பிக்கிறோமே, அது இந்தக் காலம். 1802 ஜனவரி 1இல் இலங்கைக் கரையோரம் முடிக்குரிய குடியேற்ற நாடானது.

வந்த ஆளுநர் பிரெடறிக் நோர்த். 1783இல் பிட்டிடம் ஆட்சியை இழந்த நோர்த் பிரபுவின் மகன்.

கேள்வி: அவரை நல்லவர் என்று எழுதலாமா? (காத்தான்குடி வாசகி)

ஒரு சொல்லில் எழுத வேண்டாம். 1785இல் 36 ஊழல் தொகுதிகளை ஒழிக்க மசோதா கொண்டுவந்து 248க்கு 174 என்று தோற்றார், பிறகு அதைத் தொடவே இல்லை. 1792 ஏப்ரலில் அடிமை வியாபாரத்தை உடனே நிறுத்தச் சொல்லி விடியும்வரை பேசினார். டண்டாஸ் "படிப்படியாக" என்ற சொல்லைச் செருகினார், காரியம் நின்றது. வியாபாரம் சட்டத்தால் ஒழிந்தது 1807இல், பிட் இறந்த அடுத்த வருடம். மறுபக்கம் 1794இல் ஆட்கொணர்வு உரிமையை இடைநிறுத்தினார். 1795இல் 50 பேருக்கு மேல் கூடும் பொதுக்கூட்டத்துக்கு நீதவானுக்கு முன்னறிவித்தல் வேண்டும் என்றார். 1799இல் தொழிலாளர் சங்கங்களைத் தடைசெய்தார். அச்சம் வந்தபோது உரிமையைத்தான் முதலில் வெட்டினார் என்பது எம் கருத்து.

கேள்வி: ஏன் கலியாணம் செய்யவில்லை? குடிகாரராமே? (திருக்கோவில் வாசகர்)

கலியாணம் செய்யவில்லை என்பது மட்டுமே உறுதி. குடி உண்மை. சிறுவயதில் நோயாளியாக இருந்தபோது வைத்தியர் அந்தோனி அடிங்டன் தினமும் போர்ட் வைன் குடிக்கச் சொன்னார். அந்த வைத்தியரின் மகன்தான் மேலே சொன்ன பிரதமர் அடிங்டன். நாட்டுக் கணக்கைச் சதம் சதமாகப் பார்த்தவர் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை. 46 வயதில் இறந்தபோது இருந்த 40,000 பவுண் கடனைப் பாராளுமன்றம் கட்டியது.

கேள்வி: கத்தோலிக்கருக்காகப் பதவி துறந்தார் என்று படித்தேன். சரியா? (தாண்டவன்வெளி வாசகர்)

சரி. 1801 ஜனவரி 1இல் அயர்லாந்தை பிரித்தானியாவுடன் இணைத்தார். அங்கே பெரும்பான்மையான கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர முடியாது. அந்தத் தடையை நீக்குவோம் என்ற நம்பிக்கையில்தான் இணைப்புக்கு அவர்களின் ஆதரவு வந்தது. முடிசூட்டுச் சத்தியத்துக்கு அது விரோதம் என்று மன்னர் மறுத்தார். பிட் விலகினார். ஆனால் மன்னரின் சித்தநிலை மீண்டும் தடுமாறவே, இனி அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து 1804இல் திரும்பி வந்தார். அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு அந்த உரிமை கிடைத்தது 1829இல். ஒல்லாந்தர் இலங்கையில் கத்தோலிக்கருக்குப் போட்டிருந்த தடைகளை ஆளுநர் மெயிற்லன்ட் 1806இலேயே நீக்கிவிட்டார். புளியந்தீவுக் கத்தோலிக்கர் டப்ளின் கத்தோலிக்கரை விட 23 வருடம் முந்தியே அந்தத் தடைகளிலிருந்து விடுபட்டார்கள்.